சிங்கப்பூர்ப் பிள்ளைகளோடு கோத்தகிரியில்: நாற்றங்கால், சீகைக் காடு, சுனை

சனி: கோவையிலிருந்து மலைக்கு

சிங்கப்பூரில் ஜூன் மாதம் பள்ளி விடுமுறை. அதில் பத்து நாளை எடுத்து, 13 முதல் 15 வயது வரையுள்ள தமிழ்ப் பிள்ளைகளை நீலகிரிக்குக் கூட்டி வந்து, பாதி நாள் ஊருக்கு ஒரு வேலை, பாதி நாள் ஊரைத் தெரிந்துகொள்வது என்று நடத்தும் பயணம் இது. பிள்ளைகள் பதினாறு பேர், பெரியவர்கள் நான்கு பேர். நாலு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை எதற்காகவும் தளர்த்தக் கூடாது. பெரியவர்களில் இரண்டு பேராவது பெண்களாக இருக்க வேண்டும். இப்படி ஒரு குழுவை அழைத்துவர நினைக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்பதால் அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதுகிறோம்.

முதலில் காகித வேலை. இந்தியாவின் இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளம் வாங்காத குறுகிய காலத் தன்னார்வ வேலைக்கு இடம் உண்டு. அதிகபட்சம் ஒரு மாதம். பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தில் ஒரு நகல் பிள்ளையின் பையிலும் ஒரு நகல் பெரியவரிடமும் இருக்கட்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்கள் தங்கினால், தங்கும் இடத்துக்காரர் 24 மணி நேரத்துக்குள் ‘சி’ படிவம் பதிய வேண்டும். பெரிய ஹோட்டல்களுக்கு இது பழகிய வேலை. சின்ன ஹோம்ஸ்டேக்களில் பலருக்கு இதற்கான லாகின் இருக்காது. அறையை உறுதி செய்வதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும். வந்து இறங்கிய இரவில் கேட்டால் பதினாறு பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டியதுதான்.

அடுத்தது இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளி வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் ஏற முடியும். நீலகிரிப் பதிவெண், அதாவது டிஎன் 43 வண்டிக்கு அது தேவையில்லை. அதனால் கோவையில் வண்டி பிடிக்காமல், கோத்தகிரியிலிருந்தே இரண்டு டெம்போ டிராவலரை விமான நிலையத்துக்கு வரச்சொல்வது நல்லது. பாஸ் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், ஓட்டுநருக்கு மலை பழகியிருக்கும்.

விமான நிலையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 70 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். மேட்டுப்பாளையத்தில் இட்லியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னோம். வாந்தி வரக்கூடிய பிள்ளைகளுக்கு முன் இருக்கை. ஜன்னல் திறந்திருக்க வேண்டும், மலை ஏறும் நேரத்தில் கையில் போன் கூடாது. வளைவுகளில் திரையைப் பார்த்துக்கொண்டு வருகிற பிள்ளைக்குத்தான் முதலில் குமட்டும். மாத்திரை கொடுப்பதானால் பெற்றோர் எழுதித் தந்ததை மட்டும், ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுக்க வேண்டும். குமட்டத் தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை.

குஞ்சப்பனை செக்போஸ்டில் பிளாஸ்டிக் சோதனை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் தண்ணீர் பாட்டில், கேரி பேக் எதுவும் மேலே போக முடியாது. ஆளுக்கொரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலை ஊரிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருந்ததால் விமானத்தில் கொடுத்த பாட்டில்கள் மட்டும் பிடிபட்டன. குஞ்சப்பனைப் பக்கம் பலா காய்த்து நிற்கும் காலம் இது. பழத்துக்கு யானை சாலையோரம் வந்துவிடும் என்பதால், இந்தப் பாதையில் எங்கேயும் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதில்லை என்று ஓட்டுநர்களிடம் முன்பே பேசியிருந்தோம். மாலை ஐந்துக்குள் ஊருக்குள் சேர்ந்துவிட்டோம்.

ஊட்டி இருக்கக் கோத்தகிரி எதற்கு என்று பெற்றோர் கேட்டார்கள். ஜூனில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தை அறைகிறது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. கோத்தகிரி கிழக்குச் சரிவு. இங்கே பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஜூனில் மூடுபனியும் தூறலும் காற்றும். மண் ஈரமாக இருக்கும், வேலை பெரும்பாலும் நிற்காது. நாங்கள் எடுத்துக்கொண்ட வேலைக்கு அந்த ஈரம்தான் தேவை.

ஞாயிறு: லாங்வுட் சோலை

முதல் நாளே வேலையில் இறக்குவதில்லை. வெப்பம் 30-ஐத் தாண்டும் ஊரிலிருந்து 16, 17 டிகிரிக்கு வந்த உடம்பு ஒரு நாள் கேட்கும். 1,800 மீட்டர் உயரத்தில் மூச்சுக் கோளாறு வராது. பிள்ளைகள் குளிரில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள், அதில்தான் தலைவலி வரும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் பாட்டிலைத் தூக்கிக் காட்டச் சொல்கிறோம். காலியாகாத பாட்டில்காரர் அங்கேயே குடிக்க வேண்டும்.

ஊரிலிருந்து நடக்கும் தூரத்திலேயே லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர், 2024-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் இந்தச் சோலையிலிருந்துதான் இறங்குகிறது. வனத்துறை அனுமதியும் உடன் வரும் வழிகாட்டியும் இல்லாமல் உள்ளே போக முடியாது. பதினாறு பேரையும் ஒரே வரிசையாகக் கூட்டிப் போனால் முன்னால் போகும் நாலு பேருக்கு மட்டுமே பறவை கண்ணில் படும். எட்டு எட்டாகப் பிரித்து, முக்கால் மணி இடைவெளியில் அனுப்பினோம்.

அட்டை பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; காலில் பார்த்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. பேன்ட்டின் நுனியைச் சாக்ஸுக்குள் திணித்து, சாக்ஸின் மேல் உப்புத்தூள் தேய்க்க வேண்டும். தூறலில் உப்பு கரைந்துவிடும் என்பதால் ஒரு சின்ன டப்பாவில் கையோடும் கொண்டுபோக வேண்டும். கடித்துவிட்டால் பிடுங்கக் கூடாது. விரல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு ஒட்டிச் செருகினால் தானே விட்டுவிடும். ரத்தம் சிறிது நேரம் நிற்காது. அட்டையின் எச்சிலில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் இருப்பதால்தான் அப்படி. சோப்புப் போட்டுக் கழுவிப் பஞ்சு வைத்துக் கட்டினால் போதும்.

உள்ளே ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்கச் சொன்னோம்: தரை. சோலைத் தரையில் காலை வைத்தால் அமுங்குகிறது. இலைச்சருகு, பாசி, வேர் எல்லாம் சேர்ந்து மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கீழே விடுகின்றன. வெளியே வந்ததும் பக்கத்துச் சீகை (வாட்டில்) மரத் தோப்பில் அதே கையால் தரையைத் தொடச் சொன்னோம். காய்ந்து இறுகிய மண். அடுத்த இரண்டு நாள் வேலைக்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவைப்படவில்லை.

திங்கள்: நாற்றங்கால்

இந்தப் பயணத்தின் நடுநாயகமான வேலை இதுதான். எங்கள் எண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சேவை என்ற பெயரில் பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பதும், ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதும்தான் பல இடங்களில் கிடைக்கின்றன. உள்ளூர் பெயின்டர் ஒரே நாளில் திருத்தமாக முடிக்கும் சுவரைப் பதினாறு பேர் மூன்று நாள் கெடுப்பதில் யாருக்கும் நன்மை இல்லை. பிள்ளைகளுக்குத் தர வேண்டிய வேலை எது? ஊர்க்காரர்கள் உண்மையிலேயே ஆள் பற்றாமல் தவிக்கும் வேலை, பதின்மூன்று வயதுக் கை திருத்தமாகச் செய்யக்கூடிய வேலை, பிள்ளைகள் போன பிறகும் இங்கேயே இருப்பவர்கள் தொடரும் வேலை. சோலை மர நாற்றங்காலில் பை நிரப்புவது இந்த மூன்றுக்கும் பொருந்துகிறது.

மண் கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் ஒரு பங்கு. மூன்றையும் தனித்தனியாகச் சலித்துவிட்டுத்தான் கலக்க வேண்டும். உரம் மக்கியதா என்று தெரிந்துகொள்ள ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் போதும்: மண் வாசனை வந்தால் சரி, சாணி வாசனை வந்தால் இன்னும் ஒரு மாதம் கிடக்கட்டும். மக்காத உரம் பைக்குள் சூடேறி இளம் வேரைக் கருக்கிவிடும். கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம் அதிகம், அப்படியே நிரப்பினால் உள்ளே களிமண் கட்டியாகிவிடும்.

பை ஐந்துக்கு ஏழு அங்குலம், அடியில் துளை போட்டது. முதலில் இரண்டு விரல் உயரத்துக்கு மண் போட்டு, அடி மூலைகள் இரண்டையும் கட்டை விரலால் உள்ளே அமுக்க வேண்டும். இதை விட்டால் பை நிற்காமல் சாயும். பிறகு பாதி வரை போட்டுத் தரையில் இரண்டு தட்டு, முழுக்கப் போட்டு இன்னும் இரண்டு தட்டு. மேலே ஒரு சென்டிமீட்டர் விளிம்பு விட வேண்டும். தண்ணீர் நின்று இறங்க அந்த இடம் வேண்டும். பிள்ளைகள் அவசரத்தில் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: முக்கால் பையோடு நிறுத்திவிடுவது. அந்தப் பையில் மேல்பகுதி மடிந்து மூடிக்கொள்ளும், பூவாளித் தண்ணீர் வெளியே வழிந்தோடும், பத்து நாளில் நாற்று காய்ந்துவிடும்.

முற்பகலில் 600 பைக்குக் கொஞ்சம் கூடுதலாக நிரம்பின. அதில் எழுபதை நர்சரி அக்காக்கள் தூக்கிப் பார்த்து ஒதுக்கினார்கள். ஒதுக்கியதை அவரவரே கொட்டி மறுபடியும் நிரப்பினார்கள். இந்தத் திருப்பி நிரப்புதலை வலியுறுத்த வேண்டும். “பாவம், விருந்தாளிப் பிள்ளைகள்” என்று அக்காக்கள் தாங்களே சரிசெய்ய முன்வருவார்கள். வேண்டாம் என்று முதல் நாளே அவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிற்பகலில் நாற்று பிரித்து நடுதல். மேட்டுப்பாத்தியில் முளைத்த நாவல் இன நாற்றுகள், நான்கு இலைப் பருவம். ஒரு சிறுவன் தண்டைப் பிடித்துத் தூக்கினான். பக்கத்தில் இருந்த அக்கா அவன் கையை மெதுவாக விலக்கி, “தண்டைப் புடிக்காத கண்ணு, இலையைப் புடி. இலை போனா இன்னொண்ணு வரும். தண்டு நசுங்கிச்சுன்னா செடியே போச்சு” என்றார். பிறகு ஒரு குச்சியால் பையின் நடுவில் குழி போட்டு, வேரை உள்ளே விட்டு, நாற்றை அரை அங்குலம் மேலே இழுத்துக் காட்டினார். அந்தச் சின்ன இழுப்பில்தான் மடிந்த வேர் நேராகிறது. வேர் கொக்கி போல மடிந்தபடி நட்டுவிட்டால் செடி ஒரு வருடம் பச்சையாகத்தான் இருக்கும். காட்டில் நட்ட பிறகு ஆணிவேர் இறங்காமல் முதல் கோடையில் சாகும். அப்போது யாருக்கும் காரணம் தெரியாது.

சோலை மர விதைகள் பலவற்றைக் காயவைத்துச் சேமிக்க முடியாது. பழம் விழுந்த சில நாளிலேயே சதையைக் கழுவி நீக்கி விதைத்துவிட வேண்டும். முளைப்பதற்கு மாதக் கணக்காகும். நாற்று ஒன்றரை, இரண்டு அடி வளர்ந்து நடவுக்குத் தயாராக ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு. இன்று நட்டது இந்தப் பிள்ளைகளில் இளையவர்கள் பத்தாம் வகுப்புக்குப் போகும்போதுதான் காட்டுக்குப் போகும்.

செவ்வாய்: சீகை பிடுங்குதல்

வெள்ளைக்காரர் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்த ஆஸ்திரேலிய மரம் சீகை. புல்வெளிகளில் நட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகும் நட்டார்கள். இந்த மலையின் உயரப் பகுதி இயற்கையில் சோலையும் புல்வெளியும் கலந்தது: பள்ளத்தில் சோலை, மேட்டில் புல். புல்வெளியில் மரம் நடுவது நன்மை என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே நாவல் நட்டாலும் தவறுதான். மரம் நடும் விழா நடத்த ஆசைப்படும் குழுக்கள் எல்லாம் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது.

பிள்ளைகளுக்கு முழங்கால் உயரத்துக்கு உட்பட்ட சீகைக் கன்றுகள் மட்டும். அரிவாள் கிடையாது. ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த கையுறை, இரண்டு பேருக்கு ஒரு களைக்கொத்து. மண் ஈரமாக இருக்கும்போது அடித்தண்டை இரு கையாலும் பிடித்து, நேராக மேலே இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் ஒடியும். வராவிட்டால் கொத்தால் பக்கவாட்டில் மண்ணை இளக்கிவிட்டு இழுக்க வேண்டும். பிடுங்கியதன் வேர் மண்ணை உதறி, வேர் வானத்தைப் பார்க்கும்படி கிளைமேல் குவிக்க வேண்டும். ஈர மண்ணில் வேர் பட்டுக் கிடந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

பெரிய மரங்களை வெட்டுவது அனுமதி பெற்ற ஆட்களின் வேலை. அவர்கள் வெட்டியதோடு விடாமல் அடிக்கட்டையின் பட்டையை மண்மட்டம் வரை உரித்தார்கள். உரிக்காத கட்டை சுற்றிலும் துளிர்க்கும். ஒன்று இருந்த இடத்தில் பத்து நிற்கும்.

சரிவில் வேலை செய்யும்போது மேலும் கீழுமாக ஆட்களை நிறுத்தக் கூடாது. ஒரே மட்டத்தில் வரிசையாக நின்று மேல்நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து கல் உருண்டால் கீழே தலை இருக்கக் கூடாது. வேலை தொடங்குமுன் வழிகாட்டி புதர்ப் பக்கம் போய்ச் சத்தம் கொடுத்துப் பார்த்தார். காட்டெருமை, கரடி இரண்டும் இந்தப் பக்கம் சாதாரணம். காட்டெருமை தெரிந்தால் வேலையை விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் பின்வாங்க வேண்டும். கல்லெறிவதோ விசிலடிப்பதோ கூடாது.

இரண்டரை மணி நேரத்தில் ஒரு சின்னச் சரிவு வெளுத்தது. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், வெயில் பட்டதும் புதிதாக முளைக்கும். எனவே அந்தச் சரிவின் நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு அளந்து குறித்துக் கொடுத்தோம். அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அதே இடத்துக்கு வர வேண்டும். ஆண்டுக்கொரு புது இடத்தில் பிடுங்குவது வீண் வேலை.

புதன்: தோடர் மந்து

இரவெல்லாம் தூறல். மண் சேறானதால் வேலை இல்லை. வெள்ளிக்கிழமைக்கு வைத்திருந்த மந்துப் பயணத்தை இன்றைக்கு மாற்றினோம். மந்து என்பது நீலகிரிப் பழங்குடிகளான தோடரின் குடியிருப்பு. மழை நாளுக்கென்று கூரைக்கடியில் நடக்கும் ஒரு நிகழ்ச்சியைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

தோடர் குடியிருப்புக்குப் போக முதல் நிபந்தனை, அங்கே அழைக்கும் ஆள் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டு நேரே உள்ளே நுழைவது மரியாதை இல்லை. அரைவட்டக் கூரை போட்ட வீட்டின் வாசல் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து போகும் அளவு. அதே வடிவத்தில் கல் சுற்றுச்சுவரோடு தனியாக நிற்பது கோயில். அதன் பக்கம் வெளியார் போகக் கூடாது. படமும் எடுக்கக் கூடாது. எருமைகளைத் தொடக் கூடாது. இவற்றை வண்டியிலேயே சொல்லி முடித்திருந்தோம்.

தோடர் எம்பிராய்டரி 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். பென்சில் கோடு கிடையாது, சட்டமும் கிடையாது. ஒரு பாட்டி துணியை மடியில் பரப்பி, இடது கைக் கட்டைவிரல் நகத்தால் இழைகளை ஒவ்வொன்றாக விலக்கி எண்ணுகிறார், ஊசி போகிறது, மறுபடி எண்ணுகிறார். பேசிக்கொண்டேதான் செய்கிறார், எண்ணிக்கை தப்பவில்லை. பின்பக்கத்திலிருந்து தைப்பதால் முன்பக்கம் நூல் சிறிது மேலெழும்பி நின்று விரலுக்குத் தட்டுப்படுகிறது. பிள்ளைகளுக்கு உள்ளங்கை அளவுத் துணி கொடுத்தார்கள். ஒரு வரிசையில் ஓர் இழை தப்பினாலும் மூன்றாவது வரிசையில் வடிவம் கோணிவிடும், பிரிக்க வேண்டியதுதான். ஒன்றரை மணி நேரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பட்டை முடித்தவர்கள் நான்கு பேர்.

சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நேரத்துக்கான கூலியை முன்பே பேசி உறையில் கொடுத்தோம். பொருள் வாங்குவோர் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும், பேரம் இல்லை என்பது குழுவின் விதி. ஒரு சால்வைக்குப் பின்னால் வாரக் கணக்கில் உட்கார்ந்த வேலை இருக்கிறது என்பது அந்த உள்ளங்கைத் துணியிலேயே அவர்களுக்குப் புரிந்துவிட்டது. விலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வியாழன்: பள்ளியும் சுனையும்

அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு நாள். யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. இரண்டு உள்ளூர்ப் பிள்ளை, இரண்டு சிங்கப்பூர்ப் பிள்ளை என நாலு நாலு பேராகச் சேர்ந்து, ஊருக்குத் தண்ணீர் தரும் சுனையை அளந்தார்கள். இந்த அளவு வேண்டும் என்று கேட்டது ஊர்தான். கோடையில் தண்ணீர் குறைகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்; எவ்வளவு என்று எழுதிவைத்தவர் யாரும் இல்லை.

முறை எளிது. சுனைக் குழாயின் வாயில் 10 லிட்டர் வாளி, கையில் ஸ்டாப்வாட்ச். வாளியை நம்பக் கூடாது. பத்து லிட்டர் என்று அச்சிட்ட வாளி விளிம்பு வரை கூடுதலாகப் பிடிக்கும். லிட்டர் அளவையால் பத்து முறை ஊற்றி, நின்ற இடத்தில் பெயின்ட்டால் கோடு போட வேண்டும். மூன்று முறை அளந்து சராசரி. இன்று வந்தது 48, 50, 49 வினாடி. சராசரி 49, நிமிடத்துக்குப் பன்னிரண்டு லிட்டருக்குச் சற்று மேல், நாளுக்கு 17,000 லிட்டரைத் தாண்டுகிறது. இரவில் தொட்டி நிரம்பி வழிந்து போவதை உள்ளூர்ச் சிறுமி ஒருத்தி எடுத்துச் சொன்னாள். மேல்நிலைத் தொட்டியைப் பெரிதாக்கலாமா என்று அங்கேயே பேச்சு தொடங்கிவிட்டது.

கோளாறு வருவது இரண்டு இடத்தில். குழாயைச் சுற்றிக் கசியும் தண்ணீர் வாளிக்குள் வராமல் போகும். ஈரக் களிமண்ணால் அடைத்துவிட்டு அளக்க வேண்டும். இன்னொன்று, கனமழை பெய்த மறுநாள் அளந்த கணக்கைக் காய்ந்த நாள் கணக்கோடு ஒப்பிடுவது. ஆகவே தேதி, நேரம், முந்தைய மூன்று நாள் மழை ஆகிய மூன்றையும் அளவோடு சேர்த்து எழுதும் அட்டவணை ஒன்றைப் பள்ளி நோட்டில் வரைந்தார்கள். மாதத்தின் முதல் திங்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் அளப்பார்கள். வாளி பள்ளியிலேயே இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்து இணையத்தில் போடக் கூடாது. போன்கள் காலையிலேயே வண்டியில் வைக்கப்பட்டன. மதியத்துக்குப் பிறகு கபடி. பேச்சுத் தயக்கம் அதில் தீர்ந்தது.

வெள்ளி: தேயிலை

கொழுந்து பறிக்கும் படம் எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்கு ஆசை. கூடை மாட்டிப் பறிக்க விடவில்லை. நின்று பார்க்க மட்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று ஏட்டில் படிப்பது எளிது, கை பழகாதவர் பறித்தால் தடித்த இலையும் காம்பும் கலந்துவிடும். அந்தக் கலப்புக்கு விலை குறைவது பறிக்கும் அம்மாவின் எடைச்சீட்டில். மேலும், ஒருவருடைய அன்றாடக் கூலி வேலையைப் பொழுதுபோக்காக ஆக்குவதை நாங்கள் ஏற்பதில்லை. தொழிற்சாலையில் வாட்டுதல், அரைத்தல், காற்றில் கறுக்கவிடுதல், உலர்த்துதல், சலித்தல் என்று வரிசையாகப் பார்த்தார்கள். நூறு கிலோ பச்சை இலை இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து கிலோ தூளாக முடிகிறது.

பிற்பகலில் தாயகம் திரும்பியோர் குடும்பங்களைச் சந்தித்தோம். 1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டத் தமிழர் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து பலர் இந்த மலைக்கு. அவர்களுக்கு வேலை தரத்தான் அரசின் டான்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் உருவாயின. எங்கள் குழுவில் பல பிள்ளைகளின் கொள்ளுத்தாத்தாக்கள் மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர்கள். ஒரு தாத்தா தன் பெட்டியிலிருந்து பழைய குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். உறைபோட்டு வைத்திருந்தும் மடிப்பில் கிழிந்திருந்தது. “உங்க வீட்ல இது மாதிரி இருக்கா பாரு தம்பி, கேட்டு வாங்கி வெச்சுக்க” என்றார். அன்று இரவே ஐந்து பேர் வீட்டுக்கு அழைத்து, கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று விசாரித்தார்கள். இப்படிப்பட்ட சந்திப்புக்கு இரண்டு மணி நேரம் போதாது, அரை நாளாவது ஒதுக்க வேண்டும்.

சனி: குப்பையும் ஹட்டியும்

காலையில் சாலையோரக் காட்சிமுனையில் குப்பை எடுத்தல். மூன்று சாக்கு: நொறுக்குத்தீனி உறை, பிளாஸ்டிக், மற்றவை. கண்ணாடியைப் பிள்ளைகள் தொடுவதில்லை. பெரியவர்கள் இடுக்கியால் தனி வாளியில். உடைந்த மது பாட்டில்கள் வனவிலங்குகளின் காலைக் கிழிப்பதால்தான் 2022-ல் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தரும் திட்டம் நீலகிரியில் முதலில் தொடங்கியது. பொறுக்கியதை ஈரத்தோடு கட்டினால் மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள். காயவைத்து எடை போட்டு நகராட்சி ஆட்களிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். சாக்கைச் சாலையோரம் வைத்துவிட்டுப் போனால் இரவில் கரடியோ நாயோ கிழித்துவிடும்.

மதியம் ஒரு ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில், சாப்பாடு. ராகிக் களி, அவரைக் குழம்பு, உருளைக்கிழங்கு. களியை மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்கப் பழக்கினார்கள். மாலையில் முற்றத்தில் ஆட்டம்: வட்டம், மெதுவான அடி, கை வீச்சு, பிறகு வேகம். மூன்று சுற்றுக்குள் எல்லோருக்கும் கால் பிடிபட்டது.

ஞாயிறு: மலை ரயில்

குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து மொத்தப் பாதை 46 கிலோமீட்டர். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை. பல்சக்கரத் தண்டவாளம் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில்தான். குன்னூர் நிலையத்தில் அந்தப் பல்வரிசை முடியும் இடத்தை நடைமேடையிலிருந்து காட்டலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், இருபது பேருக்குச் சேர்ந்த இருக்கை வேண்டுமானால் திறந்த நாளிலேயே போட வேண்டும்.

திங்கள்: இறக்கம்

பகல் விமானமானால் காலை ஐந்தரைக்குள் கிளம்ப வேண்டும். குஞ்சப்பனையில் யானை நின்றால் அரை மணியும் ஆகும், ஒரு மணியும் ஆகும். நேற்று மாலையே காலணிகளைக் கழற்றி, அடிப்பள்ளங்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, கழுவிக் காயவைத்தார்கள். சீகை விதையும் உண்ணிச்செடி விதையும் சேற்றோடு ஒட்டிப் பயணம் போகும். விதை, நாற்று, மண் எதுவும் பெட்டியில் கூடாது என்று பெரியவர்கள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தார்கள்.

நர்சரியில் பைகளுக்கு வரிசை எண் போட்டு நோட்டில் ஏற்றியாயிற்று. செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்காக்கள் வரிசை வாரியாகக் காய்ந்தவற்றை எண்ணி எழுதி அனுப்புவார்கள். எந்த வரிசையில் எத்தனை போயிற்று என்று தெரிந்தால், பை நிரப்பியதில் கோளாறா, நாற்று நட்டதில் கோளாறா என்று பிரித்துப் பார்க்கலாம். அடுத்த ஜூனில் வரும் குழு முதல் நாள் காலையில் அந்த இடங்களைத்தான் நிரப்பும்.